ஜடையி முறுக்கிய கயிறு

சத்தியம் ஐயா, சத்தியம்! இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் என் வேட்டி நடுச்சந்தையில் அவிழட்டும், நான் குடிக்கிற காபியெல்லாம் கசாயமாகட்டும், போய்ச் சேர்ந்த என் பெண்டாட்டி எழுந்து வந்து இன்னொரு முப்பது வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தட்டும். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன சத்தியம் செய்ய முடியும்? கருங்கோம்பை மலையின் தேன்பாறையிலிருந்து புறப்பட்டு, காட்டையும் ஆற்றையும் கரும்புக் காட்டையும் கடந்து, நகரத்து உள்ளரங்கத்தின் வென்டிலேட்டர் வழியாக நுழைந்து, ஒரு முதலாளியின் கையில் போய்ச் சுற்றிக்கொண்ட கயிற்றை இந்த ஜில்லாவே அண்ணாந்து பார்த்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், பின்னால் இருப்பவர்களுக்காவது காற்று வரும்.

கருங்கோம்பை மலைக்காரர்களுக்குத் தேன் எடுப்பதுதான் பிழைப்பு, அந்தத் தேனோ செங்குத்துப் பாறையின் நெஞ்சில், கழுகுகூட இரண்டு தரம் யோசிக்கிற இடத்தில் தொங்குகிறது. மேலிருந்து கயிறு கட்டி இறங்க வேண்டும். அந்தக் கயிற்றை ஆள் இறங்குகிற நேரத்தில் மரத்தில் கட்டமாட்டார்கள், 'தளர்த்து' என்றால் கேட்க மரத்துக்குக் காது கிடையாது என்பார்கள். கூடப் பிறந்த அண்ணன் தம்பி கையிலும் கொடுக்கமாட்டார்கள், காட்டுப் பங்கில் மனஸ்தாபம் இல்லாத அண்ணன் தம்பி எங்கே இருக்கிறார்கள்? பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும், ஏனென்றால் தன் தங்கச்சியைத் தன் கையாலேயே விதவையாக்க எவனுக்கும் மனசு வராது. ஆக, கயிறு முறுக்குவது பெண்டாட்டி, பிடிப்பது அவள் அண்ணனோ தம்பியோ, தொங்குவது மட்டும்தான் புருஷன் வேலை.

அப்படித் தொங்குகிறவன் தேனீக்களின் முகத்துக்கு நேரே போய் நிற்கும்போது மூச்சு விடாமல் ஒரே இழுப்பில் முனகிக்கொண்டே இருக்க வேண்டும், முனகல் அறுந்தால் ஈ கொட்டும். அந்த மூச்சை வைத்துக்கொண்டு அவர்கள் சும்மா இருப்பார்களா? கபடி ஆடினார்கள். மலைமேல் மாட்டுக்கொட்டில் சாணித் தரையில் ஆடினார்கள், அடிவாரத்துத் திருவிழாக்களில் ஆடினார்கள், கயிறு முறுக்குகிற ஜடையியின் புருஷன் கெம்பன் பாடிப் போனால் எதிர்க்கட்சிக்காரனுக்கே ஒரு நிமிஷம் தூக்கம் வரும், கண் திறந்து பார்த்தால் கெம்பன் அவனைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போய் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பான்.

இந்தச் சேதி பம்புசெட்டு கம்பெனி முதலாளி தனகோபால் காதுக்குப் போயிற்று. டிவியில் வருகிற உள்ளரங்க லீக்கில் அவருக்கு ஒரு அணி வேண்டியிருந்தது. வந்தார், பார்த்தார், ஏழு பேரைக் கெம்பனோடு சேர்த்து வண்டியில் ஏற்றினார், மஞ்சள் பனியனில் தேனீ படம் போட்டார், 'கருங்கோம்பைக் கொடுக்குகள்' என்று பெயர் வைத்தார். கெம்பன் பாடிப் போக, ஜடையியின் தம்பி மாசன் இடது மூலையில் நின்று வருகிறவன் கணுக்காலைப் பிடிக்க, முதல் சீசனிலேயே மலை ஜெயித்தது. தனகோபாலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இனிமே நானும் உங்க ஆளுதான்" என்று மைக்கில் சொன்னார். மலைப் பெரியவர்கள் யோசித்தார்கள். வாயால் சொன்னால் யாரும் ஆளாகிவிட முடியாது, பாறைக்கு முன்னால் உட்கார்ந்து மலைப்பெண் ஒருத்தி கையால் தேனடை வாங்கித் தின்றால் அவளுக்கு அண்ணன், அண்ணனுக்கு உள்ள பாத்தியதையெல்லாம் உண்டு, அண்ணனுக்கு உள்ள வேலையெல்லாமும் உண்டு என்று விளக்கினார்கள். தனகோபால் கேமராவைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஜடையி ஊட்டினாள்.

"மெழுகைத் துப்பிடுங்க" என்றான் மாசன்.

தனகோபால் அதையும் விழுங்கிவிட்டார்.

இரண்டாவது சீசனுக்கு முன்னால் அவருக்கு ஒரு விளம்பரம் எடுக்கத் தோன்றியது. பாறையில் கெம்பன் தொங்க வேண்டும், மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு தனகோபால் நிற்க வேண்டும், 'பிடித்தால் விடமாட்டோம்' என்று கீழே எழுத்து வர வேண்டும், அதற்கும் கீழே ஒரு பம்புசெட்டு. மாசனுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அங்கேதான் அந்த மலைக்காரர்களைத் தவிர வேறு யாருமே செய்யமாட்டாத தப்பைச் செய்தார்கள்: அண்ணன் நிற்கும்போது தம்பி கயிற்றுக்குக் கை நீட்டக்கூடாது என்பது அவர்கள் முறை, தேனடை தின்றவன் ஜடையிக்கு மூத்தவன், ஆகவே மாசன் கூடையைத் தூக்கிக்கொண்டு பாறையின் அடிக்குப் போனான், கெம்பன் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு தன் மச்சானுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினான். கேமராக்காரர்கள் எதிர்ப்பாறையிலிருந்து கெம்பனையே படம் பிடித்தார்கள். மேலே தனகோபாலும் ஜடையியும் மட்டும்தான்.

ஒரு ஈ வந்தது. ஒரே ஒரு ஈ. தனகோபாலின் மூக்கு நுனியில் உட்காரப் பார்த்தது. அவர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அவ்வளவுதான்.

கெம்பனோடு கயிறும் முழுசாகக் கீழே போயிற்று. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனது கம்பெனி மேனேஜர். மறுநாள் தனகோபால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு டிவியில் அழுதார்: "கயிறு அறுந்துபோச்சுங்க. இத்துப்போன கயிறு. வீட்டுப் பொம்பளைங்க முறுக்கிற கயிறு, எந்த ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கு?" லீக்காரர்கள் ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். மலைப் பையன்களுக்கு 'துக்கத்துக்கான ஓய்வு' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள், ஆனால் பெயருக்கும் தேனீக்கும் ஓய்வு கொடுக்கவில்லை, அதே பனியனை வேறு ஊர்ப் பையன்கள் போட்டுக்கொண்டார்கள்.

ஜடையி பார்த்ததைச் சொன்னாள். மலை கேட்டுக்கொண்டது, மைக் கேட்டுக்கொள்ளவில்லை. அது போகட்டும். கெம்பனின் அம்மா புட்டம்மா மருமகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவள் கிண்டிப் போட்ட களியை வேண்டாம் என்று தள்ளவும் இல்லை, ஆனால் தட்டை வாங்கும்போது அந்தக் கிழவி மருமகளின் முகத்தைப் பார்க்காமல் அவள் கைகளையே பார்த்தாள். மரப்பட்டை நார் உரித்து, ஊறப்போட்டு, அடித்து, மூன்று புரியாக முறுக்கி, புரிக்குப் புரி பல்லால் கடித்து இறுக்கிய கைகள். 'ஒருவேளை அன்னிக்கு ஒரு புரி தளர விட்டுட்டாளோ' என்று அந்தப் பார்வை கேட்டது. ஜடையி தினமும் அந்தப் பார்வைக்குக் களி போட்டாள். தனகோபாலின் வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம், 'கயிறு அறலை, நான்தான் கையை விட்டேன்' என்று, எல்லார் காதிலும் விழ வேண்டும், முக்கியமாக இந்தக் கிழவியின் காதில் விழ வேண்டும். அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. மற்றதெல்லாம் பிறகு வந்தது.

சீசன் தொடக்க விழா அன்று காலையில், உள்ளரங்கத்தில், நிருபர்களுக்கு முன்னால் தனகோபால் வலது கையை உயர்த்தி, "எம் புள்ளைங்க மேல சத்தியமா சொல்றேன், கயிறுதான் அறுந்துச்சு, என் கை விடலை" என்றார். உயர்த்திய கையை இறக்குவதற்குள், கூரைக்குக் கீழே இருந்த வென்டிலேட்டர் வழியாக ஒரு கயிறு நுழைந்து, நீலநிற ஆட்ட விரிப்பின் மேலாக அவசரமில்லாமல் நீந்தி வந்து, அவர் உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, விண்ணென்று இழுபட்டு நின்றது. ஒலிபெருக்கிக்காரர் மட்டும், "சார், கயிறு மைக் ஒயர்ல படாம கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்.

தள்ளி நிற்க முடியவில்லை. கயிற்றின் மறுமுனையில் ஒரு ஆளின் கனம் இருந்தது. கையைத் தளர்த்தினால் கயிறு அவரை வென்டிலேட்டரை நோக்கி இழுத்தது, விரலை நிமிர்த்தலாம் என்றால் விரல் நிமிரவில்லை. ரம்பம் கொண்டுவந்தார்கள், ரம்பத்தின் பல் மழுங்கியது. கேஸ் வெல்டிங் வைத்தார்கள், கயிறு கொஞ்சம் சூடானதோடு சரி, அதில் ஒருத்தர் டிபன் பாக்ஸைத் தொங்கவிட்டுச் சாம்பார் சுடவைத்துக்கொண்டார். கடைசியில் அரங்கத்தின் தூண் ஒன்றில் காலை உதைத்துக்கொண்டு உட்கார ஒரு நாற்காலி செய்துபோட்டார்கள், நாற்காலியிலேயே சாப்பாடு, நாற்காலியிலேயே தூக்கம், மற்றதற்கு ஒரு திரை.

மறுமுனையைத் தேடிக்கொண்டு போனவர்கள், கயிறு மலையேறித் தேன்பாறையின் உச்சியில் விளிம்பு மடிந்து, கீழே பனிமூட்டத்துக்குள் இறங்குவதைப் பார்த்தார்கள். கெம்பனை மலைக்காரர்கள் முறைப்படி புதைத்து மேலே கல்லும் வைத்தாயிற்று, இருந்தாலும் கயிறு தொங்கியது. ஜடையி விளிம்பில் உட்கார்ந்து கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கனம் மெதுவாக இடதுபக்கம் ஆடி வலதுபக்கம் நின்றது. கெம்பன் எப்போதும் இடது காலைத்தான் வீசுவான். தினம் காலையில் களி கிண்டி வைத்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

ஊர்களுக்கு இந்தக் கயிறு பழகிப்போக எத்தனை நாளாகும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு சலவைத் துணி காய்கிற நேரம்தான் ஆயிற்று. முதல் நாள் அண்ணாந்து பார்த்தார்கள், இரண்டாம் நாள் போர்வையைக் காயப்போட்டார்கள். கரும்புக் காட்டுக்காரர்கள் கயிற்றின் நிழலை வைத்து மணி சொன்னார்கள். மின்வாரியம் 'இது எங்கள் கயிறு அல்ல' என்று கம்பத்துக்குக் கம்பம் பலகை மாட்டியது. டவுன் பஸ் டிரைவர்கள் கயிற்றைக் கடக்கும்போது ஒரு ஹாரன் அடிப்பதை மரியாதையாக வைத்துக்கொண்டார்கள். அடுத்தடுத்த இரண்டு பஞ்சாயத்துகள் கயிறு யார் எல்லையில் அதிகம் போகிறது என்று அடித்துக்கொண்டு, கடைசியில் மைனா உட்காருகிற பகுதி இவர்களுக்கு, கிளி உட்காருகிற பகுதி அவர்களுக்கு என்று ராஜியானார்கள், கிளிகள் மட்டும் அந்த ராஜியை மதிக்கவில்லை. கட்சிக்காரர்கள் கொடி கட்டினார்கள். வரன் பார்க்கிற தரகர் ஒருவர், "பொண்ணு வீடு கயித்துக்குத் தெற்கால மூணாவது வீடுங்க" என்று அடையாளம் சொல்லிச் சொல்லி ஐந்து கல்யாணம் முடித்துவைத்தார்.

லீக்காரர்களும் லேசுப்பட்டவர்களா? ஆட்டத்துக்கு நடுவே நெஞ்சு உயரத்தில் கயிறு போகிறதே என்று ஒருநாள் கூடிப் பேசி, கயிற்றைத் தொட்டவன் அவுட் என்று விதி எழுதினார்கள். வேறு ஊர்ப் பையன்கள் கயிற்றுக்குப் பயந்து குனிந்து குனிந்து தோற்றார்கள். வேறு வழியில்லாமல் மேனேஜர் மலைக்குப் போய்ப் பழைய பையன்களைக் கூப்பிட்டார். மாசன் வந்தான். கயிற்றோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது எப்போது தாழும், எப்போது எழும் என்று முதுகுக்கே தெரியும், அவர்கள் அதற்குக் கீழே மீன்மாதிரிப் போய்வந்தார்கள், ஜெயித்தார்கள். ஒவ்வொரு ஜெயத்துக்குப் பிறகும் மாசன் நாற்காலிக்கு முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்காருவான்.

"என்ன மூத்தவரே, கை வலிக்குதுங்களா?"

"மாசா, உனக்கு என்ன வேணும் சொல்லு. அணியையே உம் பேருக்கு எழுதித் தர்றேன். ஒரு அஞ்சு நிமிசம் பிடி."

"அண்ணன் இருக்கையில தம்பி பிடிக்கப்படாதுங்க. முறை கெட்டுப்போகும்" என்பான் மாசன், வாயெல்லாம் பல்லாக.

இதோடு நின்றிருந்தால் ஜடையியும் பாறை உச்சியிலேயே இருந்திருப்பாள். ஆனால் ஜனங்கள் இருக்கிறார்களே, அவர்கள் கண்ணுக்கு முன்னால் ஒருத்தன் ராப்பகலாக எதையாவது பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், எதற்காக என்று கேட்காமலே கும்பிட்டுவிடுவார்கள். முதலில் யாரோ ஒரு அம்மாள் கயிற்றில் மஞ்சள் துணி முடிந்தாள், அவள் மகனுக்கு வேலை கிடைத்தது. அப்புறம் அரங்கத்து வாசலில் தேங்காய்க் கடை வந்தது. செத்துப்போன தன் ஆட்டக்காரனை இன்னமும் கைவிடாமல் தாங்கிக்கொண்டிருக்கிற மகராசன் என்று தனகோபாலுக்குப் 'பிடிசாமி' என்று பெயர் வந்தது. தாடி வளர்ந்ததும் பெயர் இன்னும் பொருந்திவிட்டது. அவருக்கும் முதலில் இருந்த முனகல் போய், ஒருவகைக் களை வந்தது, கேட்டவர்களிடம் கண்ணை மூடிக்கொண்டு, "நான் எங்க பிடிக்கிறேன், அவன் பிடிக்க வைக்கிறான்" என்றார். 'பிடித்தால் விடமாட்டோம்' என்ற விளம்பரம் அந்தத் தாடியோடு மறுபடி வந்தது. பம்புசெட்டு பறந்தது.

அடிவாரத்தில் பஸ் ஸ்டாப்புக்கு மேலே அந்தப் படத்தை அவ்வளவு பெரிதாக வைத்த அன்று ஜடையி கயிற்றிலிருந்து கையை எடுத்தாள். "நான் எங்க அண்ணனைப் பார்த்துட்டு வர்றேன்" என்று மாமியாரிடம் சொன்னாள். புட்டம்மா அவள் கைகளைப் பார்த்தாள். ஜடையி கயிற்றுக்கு அடியிலேயே நடந்து மலையிறங்கி, காட்டைக் கடந்து, ஆற்றுப்பாலத்தைக் கடந்து, ஊர் ஊராகப் போனாள், போகிற வழியெல்லாம் அவள் தலைக்கு மேலே யார் யாருடைய பாவாடையோ சட்டையோ ஆடியது.

சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மாளுக்குக் கை ஆற்றிக்கொண்டே இருந்தது, வாய் பேசிக்கொண்டே இருந்தது.

"பிடிசாமியைப் பார்க்கவா கண்ணு? போ, போ, நல்லது நடக்கும். பாவம் மனுசன். எவளோ ஒரு மலைக்காரி, கயிறு முறுக்கத் தெரியாம முறுக்கிக் கட்டினவனையே கொன்னுபுட்டா. அந்தப் பாவத்தையும் சேர்த்து இவரு சுமக்கிறாரு."

ஜடையி டீயை உறிஞ்சினாள். "ஏனுங்கக்கா, நீங்க அந்தக் கயித்தைத் தொட்டுப் பார்த்திருக்கீங்களா?"

"தொடாம? எங்க வீட்டுக் கம்பளி பூரா அதுலதான். இரும்பாட்டம் இருக்கு கண்ணு. ஊர்லயிருந்து இங்க வரைக்கும் ஒரு பிசிறு இல்லை."

"அப்படீங்களா" என்றாள் ஜடையி. "முறுக்கினவளுக்கு முறுக்கத் தெரியலைன்னு சொன்னீங்களே, அதான் கேட்டேன்."

கடைக்கார அம்மாளின் டம்ளர் ஆற்றுவதை நிறுத்தியது. ஜடையி எழுந்து நடந்தாள்.

அவள் அரங்கத்துக்குள் நுழைந்தபோது மத்தியானம். சாயங்காலம் இறுதி ஆட்டம், கருங்கோம்பைக் கொடுக்குகள் கோப்பைக்கு ஆடப்போகிறார்கள், மாசன் கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றான், அவள் முகத்தைப் பார்த்ததும் மற்றவர்களையும் எழுப்பிக்கொண்டு ஓரமாகப் போனான். ஜடையி நாற்காலிக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"வா தங்கச்சி" என்றார் தனகோபால், சாமிக் குரலில். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்ததும் குரல் சாதாரணமாயிற்று. "செத்துக்கிட்டிருக்கேம்மா. முதுகு போச்சு. தோள்பட்டை போச்சு. கும்பிடுறவன் கும்பிட்டுட்டுப் போயிடறான், கனம் எனக்குத்தானே தெரியுது. சொன்னாங்க, உங்க முறைப்படி நீ ஒருத்தி 'போதும்'னா விட்டுடுமாமே?"

"விடாது அண்ணா. கை மாத்தலாம்."

"யாருக்கு?"

"ஆரு கை நீட்டறாங்களோ அவங்களுக்கு. ஆனா பிடிச்சிருக்கிறவன் கீழ இருக்கிறவனுக்குச் சொல்லாம மாத்தப்படாது. ஆரு பிடிச்சிருக்கேன், என்ன பண்ணினேன், எதுக்குக் கையை எடுக்கிறேன்னு கயித்துல வாயை வச்சுச் சொல்லணும். கீழ இருக்கிறவன் கேட்டுட்டு, ஒண்ணு 'சரி'ம்பான், இல்லேன்னா..."

"என்ன பண்ணினேன்னா?"

"அன்னிக்குப் பண்ணினது."

தனகோபால் நாலுபக்கமும் பார்த்தார். மலைப் பையன்கள் தூரத்தில் தசைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மைக் இல்லை, கேமரா இல்லை. அந்த 'இல்லேன்னா'வுக்குப் பிறகு என்னவென்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை, செத்தவன் ஒருத்தன் காதில் ஒரு வார்த்தை சொல்வதில் என்ன வந்துவிடப்போகிறது?

"மெதுவாச் சொன்னாப் போதுமா?"

"போதும் அண்ணா. கயித்துக்கு நல்லாக் காது கேக்கும்."

அவர் குனிந்து கயிற்றில் உதட்டை வைத்தார். "கெம்பா, நான் தனகோபால் பேசறேன். அன்னிக்குக் கயிறு அறலை. மூஞ்சில ஈ வந்துச்சு, நான்தான் ரெண்டு கையையும் விட்டுட்டேன். உம் பொண்டாட்டி மேல பழி போட்டேன். இப்ப முடியலைப்பா. கை மாத்தறேன்."

ஒரு குழந்தைகூட எழுந்திருக்காத குரல். ஆனால் ஜடையி முறுக்கிய கயிற்றில் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் நடுவே காற்றுப் புக இடமில்லை, போட்ட சொல் சிந்தாமல் போகும். அந்த வாக்கியம் வென்டிலேட்டர் வழியாக வெளியே போய், ஊர் ஊராக, கயிறு போகிற இடமெல்லாம், தனகோபாலின் சொந்தக் குரலில் ஒலித்துக்கொண்டே போயிற்று. தேங்காய்க் கடைக்காரன் உடைக்கப்போன தேங்காயைக் கீழே வைத்தான். போர்வை எடுக்க வந்த பெண் போர்வைக்குள் முகத்தை வைத்தபடி முழு வாக்கியத்தையும் கேட்டாள். டவுன் பஸ் நின்றது, டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுத்தார். இரண்டு பஞ்சாயத்துக்காரர்களும் தங்கள் தங்கள் எல்லையில் நின்று ஒரே வார்த்தையைக் கேட்டார்கள். சுங்கச்சாவடி டீக்கடை அம்மாள், "அட நாசமாப் போறவனே!" என்று கத்தி, கயிற்றைப் பார்த்துக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் கும்பிட்டது கயிற்றை, பிடித்தவனை அல்ல. ஆற்றுப்பாலம் கேட்டது, காடு கேட்டது. கடைசியாகத் தேன்பாறையின் உச்சியில், மருமகள் உட்காருகிற இடத்தில் அன்றைக்கு உட்கார்ந்திருந்த புட்டம்மா கேட்டாள். கேட்டுவிட்டு, தன் மடியில் கிடந்த தன்னுடைய கைகளைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள்.

"சொல்லியாச்சு" என்றார் தனகோபால். நெற்றி வியர்வை தாடியில் சொட்டியது. கயிற்றை அவள் பக்கம் நீட்டினார். "பிடி தங்கச்சி."

ஜடையி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்னம்மா இது? கை மாத்தலாம்னியே!"

"கை நீட்டறவங்களுக்கு மாத்தலாம்னேன். நான் எங்க நீட்டினேன்?"

"அடியே..."

"அண்ணா, நீங்க முழுசாக் கேக்கலை. சொன்னதைக் கேட்டுட்டு, கீழ இருக்கிறவன் ஒண்ணு 'சரி'ம்பான், இல்லேன்னா மேல ஏறி வந்துடுவான். மேல நிக்கிறது ஆருன்னு இத்தனை நாளா அவருக்குத் தெரியாது. விழுந்தப்புறம் மாசன் வந்து பிடிச்சிருக்கான்னு நெனச்சுப் பேசாமத் தொங்கிட்டு இருந்திருப்பாரு, பாவம். இப்பத் தெரிஞ்சுபோச்சு."

கயிறு ஒருமுறை உதறியது. பிறகு சீராக, கை மேல் கை வைத்து ஒருத்தன் ஏறுகிற கணக்கில், இழுபட்டு இழுபட்டுத் தளர்ந்தது. தனகோபால் கயிற்றில் காதை வைத்தார். எங்கேயோ வெகுதூரத்தில், மலைக்கும் அப்பால் என்று சொல்லக்கூடிய தூரத்தில், மூச்சு அறாத ஒரே இழுப்பில், கபடி, கபடி, கபடி, கபடி.

"நீ சொல்லும்மா, வேண்டாம்னு சொல்லு. அணியை எடுத்துக்கோ. கம்பெனியை எடுத்துக்கோ. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்..."

"காலை எப்படிப் பிடிப்பீங்க? கைதான் வேலையா இருக்குதே" என்றாள் ஜடையி, எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு. "மச்சானும் மச்சானும் பேசித் தீர்த்துக்குங்க. நடுவுல நான் எதுக்கு?"

கேலரியின் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். தலைப்பிலிருந்து வேர்க்கடலையை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

இறுதி ஆட்டத்தை ஒத்திவைத்தார்கள். காரணம் கேட்ட டிவிக்காரர்களிடம் லீக்காரர்கள், "ஆள் வந்துக்கிட்டிருக்கார்" என்று மட்டும் சொன்னார்கள், ஜனங்களும் அதற்கு மேல் கேட்காமல் கேலரியிலேயே கட்டுச்சோற்றை அவிழ்த்தார்கள். வெளியே கயிற்றுக்குக் கீழே இருந்த ஊர்களெல்லாம் பரபரத்தன. காயப்போட்ட துணியை உருவினார்கள், கொடியை அவிழ்த்தார்கள், முடிந்த மஞ்சள் துணியைப் பிரித்து எடுத்தார்கள், மைனாவை ஓட்டினார்கள், "வழி விடுங்கப்பா, ஆள் வருது, கை வழுக்கப்போவுது" என்று ஒருவருக்கொருவர் சத்தம் போட்டுக்கொண்டார்கள். கபடிச் சத்தம் மலையிறங்கிக் காட்டைக் கடந்தது. ஆற்றுப்பாலத்தைக் கடந்தபோது கீழே குளித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். டீக்கடை அம்மாள் ஒரு டம்ளர் டீயை அண்ணாந்து நீட்டினாள், நிற்க நேரமில்லை போலிருக்கிறது, ஆனால் டம்ளர் காலியாகத்தான் திரும்பியது. எங்கேயும் மூச்சு அறவில்லை. பாடிப் போகிறவன் நடுக்கோட்டைத் தாண்டியபிறகு மூச்சு விடுவானா?

அரங்கத்தில் மாசன் ஏணி வைத்து ஏறி, வென்டிலேட்டரின் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். "மாமனுக்குத் தோள் அகலம், இடிக்கும்" என்றான். கழற்றிய கம்பிகளைக் கீழே வைத்துவிட்டுத் தன் இடது மூலையில் போய் நின்றுகொண்டான், மற்ற மலைப் பையன்களும் அவரவர் இடத்தில், எல்லாரும் நாற்காலியைப் பார்த்தபடி. தனகோபாலுக்கு விரல் நிமிரவில்லை. சத்தம் தெருமுனைக்கு வந்தது, வாசல் தேங்காய்க் கடைக்கு வந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் வந்தது. ஜடையி உரித்த கடலையை வாயில் போடாமல் உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள். வென்டிலேட்டரின் சதுர வெளிச்சம் ஒரு தலையளவுக்கு மறைந்தபோது, நடுவர் பழக்கதோஷத்தில் விசிலை எடுத்து வாயில் வைத்தார்.

இதற்கு மேல் கேட்காதீர்கள், அது குடும்ப விஷயம். இந்தக் கதை எங்கே காதில் விழுந்தது என்று யாராவது கேட்டால், பஸ்ஸில் முன்சீட்டில் ரெண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள், முகம் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். தனகோபாலின் வக்கீல்களுக்கு நான் பயப்படவில்லை. கெம்பன் நல்லவன்தான், ஆனால் அவன் மூச்சு இன்னும் முடிந்தபாடில்லை, தன் கதையைத் தான் சொல்வதற்கு முன்னால் சொல்லித் திரிந்த கிழவன் யாரென்று அவன் தேடிக்கொண்டு வர வேண்டாம். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. நானும் இங்கே வரவில்லை.